டிடிஜி சரியாகிவிட்டது, பயாப்சியில் மட்டும் ஏன் செல்கள் அதிகம்?

கேள்வி: டெல்லியில் வசிக்கிறோம். 8 வயது மகளுக்கு 5 வயதில் சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் சேதமாகும் நோய்) என்று தெரிந்தது. அன்று முதல் வீட்டில் கோதுமை, ரவை, மைதா எதுவும் கிடையாது. எடை, உயரம் கூடிவிட்டன. இந்நோயின் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. சென்ற மாதம் வயிற்று வலிக்காக எண்டோஸ்கோபி செய்து பயாப்சி எடுத்தபோது, குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள்) நன்றாக இருப்பதாகவும், ஆனால் 100 உறைச் செல்லுக்கு 34 லிம்போசைட்டுகள் இருப்பதாகவும், அவற்றில் காமா-டெல்டா வகை அதிகம் என்றும் அறிக்கை வந்தது. பள்ளியில் எதையோ திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள் என்று கணவர் திட்டுகிறார். அவள் அழுகிறாள். நோய் திரும்பிவிட்டதா? 4 வயது மகனுக்கும் வருமா?

பதில்: முதலில் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த அறிக்கையை வைத்து அவள் மீது குற்றம் சொல்ல முடியாது.

சிறுகுடலின் உள்சுவரை ஒரே ஒரு வரிசை உறைச் செல்கள்தான் மூடியிருக்கின்றன. அந்த வரிசையின் இடுக்குகளில் காவலுக்கு நிற்கும் வெள்ளையணுக்கள்தான் இந்த லிம்போசைட்டுகள். 100 உறைச் செல்லுக்கு 25 வரை இயல்பு. சீலியாக் நோயில் இவற்றில் இரண்டு வகை பெருகும். ஒன்று, உறைச் செல்களை நேரடியாகக் கொல்லும் வகை. குளூட்டனை நிறுத்தியதும் இதன் எண்ணிக்கை இறங்கும், உறிஞ்சிகள் மீண்டும் வளரும். மற்றொன்றுதான் காமா-டெல்டா. ஒருமுறை பெருகிவிட்டால், உணவுக் கட்டுப்பாடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். நோய் வந்துபோன தடம் அது, இன்று எரியும் தீ அல்ல. உறிஞ்சிகள் நிமிர்ந்து நிற்கின்றன, டிடிஜி இயல்பு, குழந்தை வளர்கிறாள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குடல் ஆறியிருக்கிறது என்றே சொல்வேன்.

அப்படியானால் எப்போதாவது ஒரு சப்பாத்தி கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. உறைக்குக் கீழே இன்னொரு கூட்டம் இருக்கிறது: குளூட்டனை அடையாளம் காணும் டி செல்கள். குளூட்டன் துணுக்குகள் முழுதாகச் செரிப்பதில்லை. குடலில் உள்ள டிடிஜி என்ற நொதி அவற்றைச் சற்றே மாற்றிவிடும் (ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது இந்த நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளை). டிக்யூ2, டிக்யூ8 மரபணு உள்ளவர்களின் உடல், மாறிய அந்தத் துணுக்கை இறுகப் பற்றி டி செல்களிடம் காட்டும். உடனே அவை உறையைத் தாக்கும் செல்களைத் தூண்டிவிடும். நினைவுச் செல்களாக இந்த டி செல்கள் பல்லாண்டு காத்திருக்கும்.

அளவைப் பாருங்கள். 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் சுமார் 3 கிராம் குளூட்டன் இருக்கிறது. தினமும் 50 மில்லிகிராம் உள்ளே போனாலே சில மாதங்களில் குடல் சேதமாகக்கூடும். அதாவது ஒரு சப்பாத்தியை அறுபதாகப் பிய்த்தால் அதில் ஒரு துணுக்கு. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் "ஒரு வாய்தானே" என்பார்கள். அவர்கள் இந்த நோயைப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வில் இதன் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சமையலறையில் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது பெருங்காய டப்பாவைத்தான். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கிறது. கோதுமையே வராத வீட்டில் சாம்பாரிலும் ரசத்திலும் அது தினமும் விழுந்துகொண்டிருக்கும். பொருள் பட்டியலைப் படித்து, கோதுமை சேராததை வாங்குங்கள். அடுத்தது கேழ்வரகு மாவு. கோதுமை அரைத்த அதே ஆட்டா சக்கியில் அரைத்தால் கேழ்வரகு சுத்தமாக வராது. முழுத் தானியமாக வாங்கி வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். பார்லி சேர்ந்த மால்ட் பானமும், கோதுமை சேர்ந்த சோயா சாஸும் வேண்டாம்.

வயிற்று வலிக்குத் தனிக் காரணம் இருக்கலாம். அதே பயாப்சியில் ஹெலிகோபாக்டர் கிருமியோ ஜியார்டியாவோ தென்பட்டதா என்று கேளுங்கள். இவையும் லிம்போசைட் எண்ணிக்கையைக் கூட்டும். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை அடிக்கடி கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கலும் இந்த வயதில் மிகச் சாதாரணம். அவள் நலமாக இருந்து டிடிஜியும் இயல்பாக நீடித்தால், எண்ணிக்கையைச் சரிபார்ப்பதற்காக மட்டும் மறுபடி எண்டோஸ்கோபி தேவையில்லை.

மகன் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடன்பிறந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு வரை இந்நோய் வரலாம் என்பதால் பரிசோதனை அவசியம். ஆனால் உங்கள் வீட்டில் கோதுமையே இல்லை. குளூட்டன் சாப்பிடாத குழந்தைக்கு டிடிஜி எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும். முதலில் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள், அதற்கு உணவு பொருட்டல்ல. டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லையென்றால் அவனைப் பற்றிக் கவலை வேண்டாம். இருந்தால், வீட்டுக்கு வெளியே எவ்வளவு கோதுமை, எத்தனை வாரம் கொடுத்துவிட்டு டிடிஜி எடுப்பது என்பதை உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.