ராணுவத்தில் ஜிடி (ஜெனரல் டியூட்டி, பொதுப் பணி) சோல்ஜராகச் சேர்ந்தவர், வேலை பார்த்துக்கொண்டே இன்னொரு டிரேடில் (தனித் தொழிலில்) தகுதி வாங்க முடியுமா? வெளியே வந்த பிறகு அது செல்லுமா?

முடியும், நானே வாங்கியவன்தான். காலாட்படையில் ஜிடியாகச் சேர்ந்து, பட்டாலியனுக்குள்ளேயே டிரைவர் தகுதி பெற்று, ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறேன். வேலையைக் கற்றுக்கொள்ளப் பட்ட பாடு ஒரு பங்கு என்றால், கற்றதைக் காகிதத்தில் ஏற்ற வைக்கப் பட்ட பாடு மூன்று பங்கு. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கேள்வி கேட்ட தம்பி அநேகமாக அக்னிவீராக (நான்கு வருடத்துக்கு மட்டும் ராணுவத்தில் எடுக்கப்படுகிறவர்) இருப்பார், இல்லையென்றால் வீட்டில் ஒருவர் அப்படி இருப்பார். "வெளியே வந்த பிறகு" என்று இவ்வளவு சீக்கிரம் யோசிக்கிறவர்கள் இப்போது அவர்கள்தான். நாங்கள் சேர்ந்த காலத்தில் பென்ஷன் கைக்கு வரும்வரை இந்த நினைப்பே எழாது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் யாராவது சண்டைக்கு வருவார்கள். எல்லா டிரேடையும் வேலை பார்த்தே வாங்கிவிட முடியாது. நர்சிங் அசிஸ்டென்ட் ஆக வேண்டுமானால் மருத்துவப் படையில் சேர்ந்து லக்னோ சென்டரில் படித்தாக வேண்டும். ஈஎம்இ (ராணுவ வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் படை) மெக்கானிக் என்றால் செகந்திராபாத்திலோ போபாலிலோ பயிற்சி. "நான் யூனிட்டில் வண்டிக்கு அடியில் படுத்து எல்லாம் பிரித்துப் பூட்டியிருக்கிறேன்" என்று சொன்னால் அந்த டிரேட் கிடைத்துவிடாது. ஆனால் காலாட்படை பட்டாலியன் தன் தேவைக்குத் தானே ஆள் தயார் செய்துகொள்ளும் வேலைகள் சில உண்டு. எம்டி (வண்டிகளைப் பார்க்கிற) பிளட்டூனுக்கு டிரைவர், சிக்னல் பிளட்டூனுக்கு ஆர்டி (ரேடியோ) ஆபரேட்டர், மார்ட்டார் (குண்டு வீசும் சிறு பீரங்கி) ஆள், சண்டைக்களத்தில் முதலுதவி பார்க்கிற பிஎஃப்என்ஏ. இவர்கள் எல்லாருமே அடிப்படையில் ஜிடிதான். கேடர் (யூனிட்டுக்குள் நடத்தும் பயிற்சி வகுப்பு) ஓட்டி, சோதனை வைத்து, தகுதி கொடுப்பார்கள். உங்களுக்கு வாய்ப்பு இருப்பது இந்த வட்டத்துக்குள்தான்.

இன்னொன்று. "பேட்ரோலுக்குப் (ரோந்துக்கு) பயந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவன்" என்று இதற்கு முன் ஒரு பதிலுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, பேட்ரோலும் போனேன், போஸ்டிலும் நின்றேன். டிரைவர் ஆன பிறகும் ஆள் பற்றாத நேரத்தில் துப்பாக்கியோடு நிற்க வைப்பார்கள். பனியில் மலைப்பாதை இறங்குகிற வண்டியின் பின்னால் இருபது பேர் தூங்கிக்கொண்டு வரும்போது முன்னால் உட்கார்ந்து பாருங்கள், அதற்குப் பிறகு பேசலாம்.

என் கதை அருணாசலப் பிரதேசத்தில். பாலுக்போங்கில் மலை ஏற ஆரம்பித்தால் டெங்கா, பொம்டிலா, திராங், சேலா, ஜாங், தவாங் என்று போகும் பாதை. இப்போது சேலாவில் சுரங்கம் வந்துவிட்டது, 2024 மார்ச்சில் திறந்தார்கள். எங்கள் காலத்தில் 13,700 அடி உயரத்தில் இருக்கும் கணவாய்மேலேயே ஏறி இறங்க வேண்டும். குளிர்காலத்தில் ரோட்டில் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருக்கும். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாமல் ஓர் அடி நகர முடியாது. அந்தச் சங்கிலியைக் கட்டும்போது கையுறை போட்டால் கொக்கி மாட்டாது, கழற்றினால் விரல் மரத்துப்போகும்.

அந்த வருடம் எம்டியில் ஆள் பஞ்சம். சிலர் லீவு, சிலர் போஸ்டிங். ராணுவத்தில் டிரைவர் தனியாக வண்டி எடுக்க முடியாது, கோ-டிரைவர் கட்டாயம். அதற்குக்கூட ஆள் இல்லாமல், எம்டி ஜேசிஓ (இளநிலை அதிகாரி) சாப் ரைபிள் கம்பெனிகளில் வந்து கேட்டார். நான் கையைத் தூக்கினேன். வண்டி ஆசையால் அல்ல, எம்டி ஆட்களுக்கு லங்கரில் (சமையல்கூடத்தில்) எந்த நேரம் போனாலும் சூடாக டீ கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கோ-டிரைவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற வேலை என்று நினைக்காதீர்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிச் சைகை காட்டுவது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, காலையில் ஃபர்ஸ்ட் பரேடில் ஆயில், தண்ணீர், பேட்டரி, டயர் பார்ப்பது, டிரைவருக்குக் கண் சொருகினால் பேச்சுக் கொடுப்பது எல்லாம் அவன் தலையில்தான். எனக்கு வாய்த்த உஸ்தாத் (கற்றுக்கொடுக்கிறவர்) நாகர்கோவில்காரர். பரேடில் இந்தி, வண்டிக்குள் ஏறிவிட்டால் சுத்த குமரித் தமிழ். "மக்ளே, எறக்கத்துல பிரேக்க நம்பாண்டாம், கியர நம்பு" என்பதை அவர் சொல்லாத நாள் இல்லை. ஏறின கியரிலேயே இறங்கு, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகி அடுத்த வளைவில் காலை வாரிவிடும். இந்த ஒரு பாடம்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. கல்லூரிச் சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் போகும்போது, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

வண்டி ஸ்டாலியன். நம் எண்ணூர் அசோக் லேலண்ட் கம்பெனியின் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும். அங்கே அந்த மலையில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். முதலில் எம்டி பார்க்கிற்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தக் கற்றேன். கேடரில் பெயர் போட்ட பிறகுதான் ரோட்டில் இறக்கினார் உஸ்தாத், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. கேடர் முடிந்து யூனிட்டில் போர்டு (தேர்வுக் குழு) உட்கார்ந்தது. ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது, ராத்திரி ஓட்டுவது, பராமரிப்புக் கேள்விகள். பாஸ். ராணுவ லைசென்ஸும் கைக்கு வந்தது. அதன்பின் சேலாவில் வண்டி ஓட்டாத குளிர்காலம் எனக்கு அந்த டென்யூரில் (அங்கே பணியில் இருந்த காலத்தில்) இல்லை.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

சில வருடம் கழித்து, தமிழ்நாட்டில் ஒரு என்சிசி பட்டாலியனுக்கு டிரைவர் தகுதியுள்ள ஆள் ஒருவரை அனுப்பச் சொல்லி லெட்டர் வந்தது. குழந்தை அப்போதுதான் பிறந்திருந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் போஸ்டிங் என்றால் அது எங்களுக்கு லாட்டரி. எம்டி சாப் என் பெயரைத்தான் சொன்னார். ஆபீஸில் ஏட்டைப் புரட்டினார்கள். "உன் டாகுமென்ட்டில் டிரைவர் என்று எதுவுமே இல்லையே!" கேடர் பாஸ் செய்ததற்குப் பார்ட் டூ ஆர்டரே போடவில்லை. அதைப் போட வேண்டிய கிளார்க் போஸ்டிங்கில் போயே பல மாதம் ஆகியிருந்தது. அவர் யார், எந்த யூனிட் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வேறொருவர் என்சிசிக்குப் போனார். நான் பனியில் சங்கிலி கட்டிக்கொண்டிருந்தேன்.

பார்ட் டூ ஆர்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கிற எல்லாம் (கல்யாணம், குழந்தை, லீவு, பிரமோஷன், கோர்ஸ், தகுதி) யூனிட் அதில் வெளியிட்டு ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பும். அங்கேதான் உங்கள் சர்வீஸ் ஏடு இருக்கிறது. சம்பளக் கணக்கும் அதை வைத்துத்தான் ஓடும். அதில் ஏறாவிட்டால் நீங்கள் இமயமலையையே வண்டியில் ஏற்றி இறக்கியிருந்தாலும் ஏட்டுப்படி நீங்கள் டிரைவர் இல்லை. லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று கேட்டேன். லைசென்ஸ் வண்டி எடுக்க, ஏடு ஆளை எடுக்க என்றார் ஹெட் கிளார்க் சாப். கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரிதான்.

அர்ஜி ரிப்போர்ட்டில் (குறையை நேரில் சொல்லும் முறை) சிஓ சாப் (பட்டாலியன் தலைமை அதிகாரி) முன்னால் நின்றேன். சைனிக் சம்மேளனில் (ஜவான்கள் எல்லாரும் கூடும் கூட்டம்) எழுந்து கேட்டேன். மற்ற ஜவான்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அதில் எழுந்து பேசுகிறவன் அபூர்வம். கேடர் நடந்ததற்கு எம்டியில் இருந்த பதிவு, போர்டு முடிவு, என் பெயர் இருந்த பழைய கார் டைரிகள் (வண்டி ஓட்டத்தின் பதிவேடு) எல்லாம் தேடி எடுத்து இணைத்தார்கள். கடைசியில் பார்ட் டூ வெளியானது. அந்த சிஓ சாப் மட்டும் இல்லாவிட்டால் இந்தப் பதிலை எழுத எனக்குத் தகுதியே இருந்திருக்காது. எல்லா அதிகாரியும் அப்படி என்றும் சொல்ல மாட்டேன், எல்லாக் கிளார்க்கும் இப்படி என்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. வெளியே செல்லுமா?

ராணுவ லைசென்ஸை வைத்துக்கொண்டு வெளியில் தனியார் வண்டி ஓட்ட முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 18ஆம் பிரிவில் கொடுக்கப்படுவது அது, பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டும். ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவைப் படியுங்கள். 18ஆம் பிரிவின்படி எந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறீர்களோ அல்லது முன்பு வைத்திருந்தீர்களோ, அந்த வகைக்குச் சிவில் லைசென்ஸ் கேட்கும்போது ஓட்டுநர் தேர்வு தேவையில்லை என்று அதில் இருக்கிறது. "முன்பு வைத்திருந்த" என்ற சொல்லும் சட்டத்திலேயே இருக்கிறது. விண்ணப்பம், கட்டணம், மற்ற பேப்பர் எல்லாம் வழக்கம்போல்தான்.

நான் போன அலுவலகத்தில் கவுண்டரில் இருந்தவர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. "எல்எல்ஆர் போட்டுட்டு, டிரைவிங் ஸ்கூல் மூலமா வாங்க சார், சுலபம்" என்றார். சேலாவில் ஸ்டாலியன் ஓட்டியவனை எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள் என்று மனதுக்குள் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பிரிவைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுபடி போய், உள்ளே அதிகாரியைப் பார்த்தேன். அவர் படித்துவிட்டு இரண்டு நிமிடத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஆகவே கையோடு அச்சடித்துக்கொண்டு போங்கள், வாய்ச்சண்டை வேண்டாம்.

அக்னிவீர் தம்பிகளுக்கு இது ஏன் அதிகம் தேவை என்று சொல்கிறேன். பத்தாவது படித்த முன்னாள் படைவீரர் பதினைந்து வருட சர்வீஸ் முடித்திருந்தால், மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் முன்னாள் படைவீரருக்கென ஒதுக்கிய, பட்டப்படிப்பு கேட்கும் இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், தொழில்நுட்ப அனுபவம் கேட்காத பதவியாக இருந்தால் போதும். எங்களுக்கு அந்தக் கதவு உண்டு. நான்கு வருடத்தில் வெளியே வருகிறவருக்கு அது கிடையாது, பென்ஷனும் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது. 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போன முதல் அணியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரமாகத் தொடர முடியும். திட்டம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை, அதற்கு இந்தத் தளத்தில் நூறு பதில் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கையில் சேவா நிதி (நான்கு வருட முடிவில் தரும் மொத்தத் தொகை) கிடைக்கும், அதோடு ஏட்டில் ஏறிய தகுதி எதுவோ அது. ஆகவே யூனிட்டுக்குப் போனதும் எம்டியிலோ சிக்னலிலோ ஆள் கேட்டால் கையைத் தூக்குங்கள். கேடர் முடிந்த மாதமே ஆபீஸுக்குப் போய், பார்ட் டூ ஆர்டர் நம்பரும் தேதியும் கேட்டு உங்கள் டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். "போட்டாச்சு" என்று வாயால் சொன்னால் திரும்பி வராதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். ஓய்வு பெற்று வந்து இத்தனை வருடத்தில் சொந்தக்காரர் ஒருவராவது "அங்கே என்ன வேலை பார்த்தே?" என்று கேட்டதில்லை. கேட்பதெல்லாம் "கேன்டீன்ல ரம் கிடைக்குமா மாப்ளே?" என்பதுதான். கல்யாண வீட்டில், காதுகுத்தில், ஏன், துட்டி வீட்டில்கூடக் கேட்டிருக்கிறார்கள். நான் குடிக்கிறவன் இல்லை. கார்டில் உள்ளதை வாங்கி விற்றால் என் கார்டுதான் போகும். இல்லை என்று சொன்னால் "மிலிட்டரிக்காரனுக்குத் திமிரைப் பாரு" என்கிறார்கள். ராணுவத்தில் வண்டி ஓட்டினேன் என்றால் "அங்கேயும் டிரைவர்தானா" என்று ஒரு சிரிப்பு வேறு.

ஆர்டி ஆபரேட்டர் தகுதி வெளியே எதற்கு உதவும் என்று யாராவது கேட்கக்கூடும். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை. சிக்னல் பிளட்டூனில் இருந்தவர்கள் தனிப் பதிலாக எழுதினால் தம்பிக்கு உதவியாக இருக்கும்.