மாமாவின் ரிபன் மைக்கைக் கழற்றலாமா?

கேள்வி: எங்கள் மாமா ஒரு காலத்தில் ஊரில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருந்தார். கோயில் திருவிழா, கலியாண வீடு, கூத்து எல்லாவற்றுக்கும் அவருடைய ஹோர்ன்தான் கட்டுவார்கள். அவர் காலமான பிறகு பரணைத் துப்புரவு செய்தபோது ரெஸ்லோ என்று எழுதிய பழைய ரிபன் மைக் ஒன்று கிடைத்தது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்பேஸ் பெட்டியில் கொழுவிப் பார்த்தேன், சத்தம் வருகிறது, ஆனால் மிக மெல்லியது, கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது. கொழும்பில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர், உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமரைத் தூக்கிவிட்டுப் புதியது போடு, ரிபனை மெல்லியதாக மாற்று, முகத்துத் துணியை எடுத்து எறி, அடியில் துளை போட்டு இந்தக் கால மைக் வயருக்கான மூன்று பின் எக்ஸ்எல்ஆர் சொக்கட் வை, ஒரு சின்ன அம்பிளிபயர் போர்டும் வைத்துவிட்டால் இன்டர்பேஸ் தருகிற 48 வோல்ட்டில் ஓடும் என்கிறார். மாமியோ அவர் கை பட்ட சாமான், கிடந்தபடி கிடக்கட்டும் என்கிறா. எனக்கு கூத்துப் பழக்கும் வயதான அண்ணாவியார் ஒருவரின் வடமோடிக் கூத்துப் பாட்டுகளை இதில் பதிவு செய்ய ஆசை. என்ன செய்யலாம் ஐயா?
– வாசகர், தம்பிலுவில்

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொன்ன ஐந்தும் ஒரே மாதிரியான வேலை இல்லை. சிலதைச் செய்து பார்த்துப் பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கிவிடலாம், சிலதைச் செய்தால் செய்ததுதான். ஒவ்வொன்றுக்கும் அதைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், மாமிக்கும் உங்களுக்கும் இடையில் சண்டையே வராது.

துளை போடுகிற கதையை இப்போதே விடுங்கள். பழைய பின்னுக்குப் பொருந்துகிற சொக்கட்டை ஒரு முனையிலும் எக்ஸ்எல்ஆரை மறுமுனையிலும் வைத்து ஒரு வயர் கட்டினால் போதும், ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவருக்கு ஒரு பின்னேரத்து வேலை. லிவர்பூல் கேவர்ன் கிளப்பில் பீட்டில்ஸ் பாடும் பழைய படங்களில் அவர்கள் வாய்க்கு முன்னால் நிற்பது ரெஸ்லோதான். அதனால் இந்த மைக்கைத் தேடித் திரிகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், ஆனால் ஓட்டை போட்டதை யாரும் விரும்பி வாங்கமாட்டார்கள்.

சரி, சத்தம் ஏன் மெல்லியது? ரிபன் மைக்குக்குள் காந்தத்தின் இரண்டு துருவங்களுக்கு நடுவே, நெளி நெளியாக மடித்த அலுமினியத் தகடு ஒன்று தொங்குகிறது. சத்தத்துக்கு அது அசைய அசைய மின் பிறக்கிறது, அவ்வளவுதான் தத்துவம். அந்தத் தகட்டின் தடை ஒரு ஓமில் சின்னப் பங்கு, அதில் வரும் வோல்டேஜ் சொல்லவே பரிதாபம். அதைத் தூக்கிக் கொடுக்கத்தான் ட்ரான்ஸ்போமர், 1930களில் வந்த ஆர்சிஏ 44 ரிபன் மைக் காலத்திலிருந்து இதே ஏற்பாடுதான். மைக்கிலிருந்து வெளியே வரும் பக்கத்துத் தடையை இம்பிடன்ஸ் என்பார்கள். ரெஸ்லோவை அந்தக் கணக்கில் 30 ஓம், 250, 600, இவற்றைவிட மிகக் கூடிய ஹை இம்பிடன்ஸ் என்று, வாங்குகிறவரின் அம்பிளிபயருக்குத் தகுந்தபடி வெவ்வேறு ட்ரான்ஸ்போமர் வைத்து விற்றார்கள். உங்கள் மாமாவுடைய வால்வு அம்பிளிபயரின் வாய்க்கு அது பொருந்தியிருக்க வேண்டும், உங்கள் இன்டர்பேஸுக்குப் பொருந்தவில்லை. அதற்காக மைக்கைக் குற்றம் சொல்லக்கூடாது.

ஆகவே முதல் வேலை, உங்களிடம் இருப்பது எந்த ஓம் என்று கண்டுபிடிப்பது. மைக்கில் எழுத்து எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரிபன் மைக் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள், நீங்களே மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்கப் போகாதீர்கள். மீட்டர் அனுப்பும் அந்தச் சின்ன மின்னே ரிபனை உதைத்து இழுத்துவிடக்கூடும், இது தெரியாமல் நல்ல மைக்குகளை முடித்தவர்கள் உண்டு.

30 ஓம் என்றால் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 30 ஓமை 300 ஓமாக ஏற்றும் ட்ரான்ஸ்போமர் வோல்டேஜை மூன்று மடங்குக்குச் சற்று மேல் ஆக்கும், அதாவது 10 டெசிபெல். ஆனால் அந்தப் பத்தைப் பெற மைக்கின் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, அதே ட்ரான்ஸ்போமரை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு வயரின் நடுவிலும் வைக்கலாம். இன்னும் இலகுவான வழி, க்ளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் மாதிரி வயரில் கொழுவுகிற சின்ன அம்பிளிபயர்கள். இவை இன்டர்பேஸிலிருந்து 48 வோல்ட்டைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, மைக் பக்கம் விடாமல் நிறுத்தி, 20 டெசிபெலுக்கு மேல் தூக்கிக் கொடுக்கும். ரிபன் மைக்குக்கு 60 டெசிபெல் அளவில் கெய்ன், அதாவது சத்தத்தைத் தூக்கும் பலம், வேண்டும், விலை குறைந்த இன்டர்பேஸ்கள் அங்கே போவதற்குள் இரையத் தொடங்கிவிடும், நீங்கள் கேட்ட இரைச்சலும் அதுவாகத்தான் இருக்கும். இது வெளியே இருக்கும்போது உள்ளே போர்டு எதற்கு? எனக்கு அந்த யோசனை பிடிக்கவே இல்லை.

ஹை இம்பிடன்ஸ் என்றால் கதை வேறு. வயர் சில மீட்டர் நீண்டாலே மேல்ஸ்தாயி செத்துவிடும், அண்ணாவியாரைக் கணினிக்குப் பக்கத்திலேயே உட்கார வைக்கவா முடியும்? அப்படியானால் ட்ரான்ஸ்போமரை மாற்றத்தான் வேண்டும், மாற்றுங்கள். பழையதை எறியாமல், எந்த வயர் எங்கே இருந்தது என்று படம் எடுத்து, பெயர் எழுதிய பையில் போட்டு மாமியிடம் கொடுத்து வையுங்கள். பத்திரமாக இருக்கும்.

ரிபனுக்கு வருவோம். அது மத்தளத்துத் தோல் மாதிரி, தளர்ந்தால் மாற்ற வேண்டியதுதான், மாற்றினால் மத்தளம் வேறு மத்தளம் ஆகிவிடாது. டோர்ச் அடித்துச் சல்லடை வழியாகப் பாருங்கள். நெளிவுகள் ஒரே சீராக இருந்து, தகடு எந்தப் பக்கமும் காந்தத்தில் முட்டாமல் நின்றால் அதைத் தொடாதீர்கள். தொய்ந்தோ கிழிந்தோ இருந்தால் இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஊரில் யாராவது சமையலறை ஃபொயிலை வெட்டிப் போடலாம் என்பார், கேட்காதீர்கள். அந்த ஃபொயில் 15 மைக்ரோன் அளவில் தடிப்பு, பிபிசி வடிவமைத்த 4038 மைக்கின் ரிபனோ 0.6 மைக்ரோன். மெல்லிய ரிபன் போட்டால் சத்தம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு ஊதலில் போய்விடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மைக்கைக் கண்டதும் முதலில் ஊதித்தான் பார்ப்பார்கள்.

துணி? எடுத்தால் மேல்ஸ்தாயி கொஞ்சம் திறக்கும். ஆனால் நீங்கள் இருப்பது திருக்கோவிலுக்குப் பக்கத்தில். அந்தக் கடற்கரைக் கருமணலில் காந்தத்தை வைத்தால் தூள் தூளாக ஒட்டிக்கொள்வதைச் சின்ன வயதில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மைக்குக்குள் இருப்பதும் நல்ல வலுவான காந்தம். ஒரு துகள் உள்ளே போய் ரிபனுக்கும் காந்தத்துக்கும் நடுவில் நின்றால் கரகரப்புத்தான், அதை எடுப்பது பெரும்பாடு. போதாததற்கு, வடமோடியில் சல்லரி என்ற கைத்தாளம் இருக்கிறது. சாதாரண ஸ்டூடியோ மைக்கில் சல்லரி காதைக் கிழிக்கும், ரிபன் அதை இயல்பாகவே மென்மையாக்கிவிடும், அதைத் திறந்துவிட்டு என்ன காணப் போகிறோம்? துணி இருக்கட்டும்.

பதிவு செய்யும்போது இந்த மைக் முன்னும் பின்னும் ஒரே மாதிரிக் கேட்கும், இரண்டு பக்கவாட்டிலும் செவிடு. அண்ணாவியாரை ஒரு பக்கமும் பிற்பாட்டுக்காரரை எதிர்ப்பக்கமும் நிறுத்துங்கள், மத்தளத்தைப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு அடியாவது இருக்கட்டும், கிட்டப் போனால் அடிக்குரல் ஊதிப் பெருக்கும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கடல்காற்று இதற்கு ஆகாது.

கேள்வி: மகள் பாட்டுப் பதிவு செய்யப் புதிதாக ஒரு ரிபன் மைக் வாங்கினா. தெரியாமல் 48 வோல்ட் சுவிட்சைப் போட்டுவிட்டோம். மைக் போயிருக்குமா?
– வாசகி, கல்லடி

பதில்: அனேகமாக இல்லை அக்கா. வயர் ஒழுங்காக இருந்தால் 48 வோல்ட் இரண்டு கம்பியிலும் சமமாக வரும், ரிபனுக்குள் மின் ஓடாது. ஒரு கம்பி அறுந்தோ நிலக்கம்பியோடு முட்டியோ இருந்தால்தான் ஆபத்து, சுவிட்ச் போட்டபடியே வயரைக் கொழுவிக் கழற்றுவதும் கூடாது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தூரத்தில் நின்று பேசிப் பாருங்கள், இரண்டும் முன்பு போலவே கேட்டால் கவலை இல்லை. முதலில் மைக்கோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். ரோயர் ஆர்-122 போன்ற சில ரிபன் மைக்குகளுக்கு 48 வோல்ட் கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்காவிட்டால் சத்தமே வராது.

கேள்வி: ரிபன் மைக்கைக் கூத்தாடும் வட்டக்களரியில் வெளியே வைத்துப் பாவிக்கலாமா? வீட்டில் எப்படி வைப்பது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வெளியே வேண்டாம், அதற்குச் சாதாரண டைனமிக் மைக் போதும். வீட்டில் பொலித்தீன் பையால் மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு, நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைத்தால் ரிபன் தன் பாரத்தாலேயே தொய்யும். வாகனத்தில் கொண்டு போகும்போதும் மூடியே கொண்டு போங்கள், கதவை அடித்துச் சாத்தும்போது வருகிற காற்றே அதை இழுத்துவிடப் போதும்.