பக்கத்து வீட்டில் இடிக்கிறார்கள், இங்கே மீட்டிங் ஓடுகிறது

கட்டட வேலையில் பல வருடம் சத்தம் போடும் பக்கத்தில் இருந்தவன் நான். இப்போது வீட்டில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ இடிக்கிறார்கள். செய்த பாவம் என்று நினைத்துக்கொள்கிறேன். என்னைப் போலவே பக்கத்துக் கட்டட வேலைக்கு நடுவே வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு வாரம்தான்" என்று மூன்று மாதமாகச் சொல்கிறார்கள். எப்போதுதான் முடியும்?

முடியும் தேதியைக் கேட்காதீர்கள், அது கட்டுகிறவருக்கே தெரியாது. "நாளைக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள், அதுவும் வீட்டுக்காரரிடம் இல்லை, மேஸ்திரியிடம். அந்த ஒரு பதில் போதும், மறுநாள் எந்த மீட்டிங்கை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிடலாம். செங்கல் கட்டு, பூச்சு வேலை என்றால் நிம்மதி, கரண்டிச் சத்தமும் அவர்கள் பேச்சும்தான் கேட்கும். இடிப்பு, வயர் போடச் சுவரில் காடி (நீளமான பள்ளம்) வெட்டுவது, டைல்ஸ் அறுப்பது, இந்த மூன்றும்தான் கொல்லும் வேலைகள். இதில் காடி வெட்டுவதை எல்லோரும் குறைத்து எடை போடுகிறார்கள். கட்டடம் எழும்பிவிட்டது, இனிமேல் சத்தம் இருக்காது என்று நினைக்கும் நேரத்தில்தான் அது ஆரம்பிக்கும்.

தளம் போடும் நாள் தனி ரகம். கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது, முதலில் போட்டது இறுகிவிட்டால் அடுத்துப் போடுவது அதோடு ஒட்டாது, அந்த இடத்தில் பின்னால் தண்ணீர் கசியும். அதனால் அன்றைக்கு இருட்டினாலும் வேலை ஓடும், சண்டை போட்டுப் பயனில்லை, முடிந்தால் வேறு இடத்தில் உட்கார்ந்து வேலை பாருங்கள். அப்புறம் சில நாள் தண்ணீர் விட்டு ஊற வைப்பார்கள், அந்த இடைவெளியில்தான் முக்கியமான மீட்டிங்குகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் தளத்தைத் தாங்க அடியில் கொடுத்த முட்டுகளையும் பலகைகளையும் கழற்றுவது என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பலகையும் தரையில் விழும்போது நீங்கள் நாற்காலியில் எகிறுவீர்கள்.

விலை உயர்ந்த நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கியும் எதிரில் இருப்பவர்களுக்கு டிரில்லிங் சத்தம் கேட்கிறதாம். ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை, அது உங்கள் காதுக்கானது. எதிர்ப்பக்கம் போவது மைக்கில் விழுவது. லேப்டாப் மைக் முகத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது, அதற்கு உங்கள் குரலும் ஒன்றுதான், டிரில்லும் ஒன்றுதான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், டிரில் சத்தம் இருந்த அளவிலேயே இருக்கும். அதனால் வாயோரம் மைக் நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண ஹெட்செட் இந்த விஷயத்தில் உங்கள் ஹெட்போனைத் தோற்கடித்துவிடும். பேசாத நேரத்தில் மியூட். ஜூமில் மியூட்டில் இருந்தபடியே ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துப் பேசலாம், விட்டால் மறுபடி மியூட் ஆகிவிடும்.

இன்னொன்று: அந்த வகை ஹெட்போன் கான்கிரீட் மிக்சர், ஜெனரேட்டர் மாதிரி ஒரே சீராக உறுமும் சத்தத்தைத்தான் நன்றாக அடக்கும். சுத்தியல் அடி உள்ளே வந்தே தீரும். அதை அமுக்கப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம் இல்லையா, காதுக்கு அதுதான் கெடுதல். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரவலாகச் சொல்லும் வரம்பு, 88 ஆனால் 4 மணி நேரம்தான். காதில் ஃபோம் அடைப்பான், அதன் மேல் பாட்டே இல்லாத ஹெட்போன் என்று போட்டுப் பாருங்கள்.

ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது, சத்தம் குறையவே இல்லை.

பொதுச்சுவரிலோ மாடித் தளத்திலோ டிரில் போட்டால் சத்தம் கான்கிரீட் வழியாகவே வரும், காற்று வழியாக வருவது கொஞ்சம்தான். இரண்டு மாடி தள்ளிப் போடும் ஓட்டை நம் தலைக்கு மேலே போடுவது போலக் கேட்பது இதனால்தான். ஜன்னலில் காசு செலவழிக்காமல், வீட்டின் மறுகோடிக்கு மேஜையை நகர்த்துங்கள்.

லேப்டாப் மேல் வெள்ளைத் தூசி படிகிறது. கெட்டுப்போகுமா?

லேப்டாப்பை விடுங்கள், உங்கள் நுரையீரலைப் பாருங்கள். கான்கிரீட்டையும் கல்லையும் உலர்வாக அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நிறைய நாள் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரை போகும். அதிக ஆபத்து அறுக்கிறவருக்குத்தான். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், தூசி பெருமளவு குறையும், அவருக்கும் நல்லது. வீட்டில் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அவர்கள் பள்ளம் தோண்டிய பிறகு எங்கள் சுவரில் விரிசல். கேட்டால் "முன்னாடியே இருந்தது" என்கிறார்கள்.

இதற்குத்தான் பக்கத்தில் வேலை ஆரம்பிக்கும் முன்பே எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்வது. சரி, இப்போதாவது தொடங்குங்கள். விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். வாரம் ஒரு முறை பாருங்கள். பூச்சில் முடி போல ஓடும் கோடு பெரும்பாலும் பூச்சு சுருங்கியது. விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டி வளர்ந்தால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறினால், கதவு திடீரென்று சட்டத்தில் இடித்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள், கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். உங்கள் அஸ்திவாரத்தை ஒட்டி முட்டுக் கொடுக்காமல் ஆழமாகத் தோண்டுகிறார்கள் என்றால் விரிசலே இல்லாவிட்டாலும் அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், அடியிலிருக்கும் மண் நழுவுவது அதிர்வைவிட மோசம்.

நேராகப் போய்ப் பேசினால் உறவு கெடுமோ என்று தயக்கம்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது, கோபத்தோடு, கூலிக்காரர்கள் முன்னால் போனால் கெடும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரம் அவருக்கு மீட்டிங் இருக்கும் நேரங்கள், மொத்தம் நாலே வரி. மேஸ்திரி அதைச் சிமெண்ட் மூட்டைக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார், அந்த நேரங்களில் கலவை போடுவதும் கம்பி கட்டுவதுமாக ஓட்டினோம். "சத்தம் போடாதீர்கள்" என்று அவர் கேட்டிருந்தால் நாங்கள் தலையாட்டிவிட்டு டிரில்லை எடுத்திருப்போம்.