ஸ்கேனில் மூக்கின் நடுச்சுவர் வளைந்திருந்தால் அறுவை சிகிச்சை கட்டாயமா?

தக்கலை அருகே முந்திரி ஆலையில் பணிபுரியும் 32 வயது வாசகர் கேட்கிறார்: “பல வருடங்களாக என் மூக்கின் இடப்பக்கம் அடைத்தே இருக்கிறது. சில மாதங்களாகச் சிந்தும்போது சிறிது ரத்தமும் வருகிறது. நடுச்சுவர் இடப்பக்கம் வளைந்திருப்பதாக ஸ்கேன் அறிக்கை சொல்கிறது. அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டுமா? ஊர்க் குளத்தில் குளிப்பது இதற்குக் காரணமா?”

பெரியவர்களில் நடுச்சுவர் நூல் பிடித்தாற்போல நேராக அமைந்திருப்பவர்கள் குறைவு. வளைவு உள்ளவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. ஆகவே, ஸ்கேனில் கண்ட வளைவை மட்டும் வைத்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டாம்.

நடுச்சுவரின் முன்பகுதி குருத்தெலும்பால் ஆனது. பின்பகுதியில் மேலே எத்மாய்டு எலும்பிலிருந்து இறங்கும் மெல்லிய தகடும், கீழே வோமர் என்னும் எலும்பும் உள்ளன. வளரும் பருவத்திலோ, சிறுவயதில் விழுந்து அடிபட்டதாலோ இவற்றில் கோணல் ஏற்படலாம். சுவருக்கு எதிரே, ஒவ்வொரு பக்கத்திலும் டர்பினேட் எனப்படும் மூன்று மடிப்புகள் இருக்கின்றன. அவற்றின் சவ்வு ரத்தம் நிறைந்து வீங்குவதும் சுருங்குவதும் சில மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாறி நடக்கும் இயல்பான செயல் என்பதால், அடைப்பு இடமும் வலமுமாக மாறி வந்தால் முதலில் ஒவ்வாமையையும் சவ்வு வீக்கத்தையும்தான் நினைக்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் அடைக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு, வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை இட்டுப் பார்க்கும் எளிய சோதனை உதவும்: மூச்சு நன்றாகத் திறந்தால் வீக்கமே பெரும்பங்கு, திறக்காவிட்டால் எலும்பு அல்லது குருத்தெலும்பின் கோணல், அல்லது உள்ளே வளர்ந்திருக்கும் வேறு ஏதோ ஒன்று. அந்தச் சொட்டு மருந்தை நீங்களாகவே வாங்கி ஒரு வாரத்துக்கு மேல் பயன்படுத்தினால், மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

எனக்கு வளைவைவிட ரத்தமே அதிகக் கவலை தருகிறது. நடுச்சுவரின் முன்பகுதியில் பல ரத்தக் குழாய்கள் சவ்வுக்கு அடியிலேயே பின்னிக் கிடப்பதால், மூக்கிலிருந்து வரும் ரத்தத்தில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. ஆலைத் தூசியால் உள்ளே காய்ந்து ஒட்டும் பொருக்கை விரலால் பெயர்த்தாலே கசியும். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. இருபுறமும் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்தே அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. அந்தச் சவ்வைத் தொடர்ந்து புண்ணாக்கினால் சுவரில் ஓட்டையே விழலாம். பொருக்கை நோண்டாதீர்கள், கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவுங்கள், வேலையில் முகக்கவசம் அணியுங்கள். மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே தந்தால், அதன் முனையை நடுச்சுவரை நோக்கிப் பிடிக்காமல், அதே பக்கத்துக் கண்ணின் வெளிமுனையை நோக்கிச் சாய்த்து அடியுங்கள்.

குளத்தைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. தேங்கிய நீரில் குளிப்பவர்களிடம் ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோய் காணப்படுகிறது. தென்தமிழகம், கேரளம், இலங்கை ஆகிய பகுதிகளில் இது நெடுங்காலமாக அறியப்பட்டது. மூக்கினுள் வெண்புள்ளிகளுடன் சிவந்த சதை வளர்ந்து, தொட்டாலே ரத்தம் கசியும். ஆளுக்கு ஆள் தொற்றாது என்றாலும், வேரோடு அகற்றி அடிப்பகுதியைச் சுட்டுவிடாவிட்டால் மீண்டும் முளைக்கும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருபக்க அடைப்பும் ரத்தமும் சேர்ந்தால், கட்டி உட்பட எதையும் கண்ணால் பார்க்காமல் விலக்கக் கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அருகிலுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ எண்டோஸ்கோப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள். அதுவரை குளத்தில் முங்கிக் குளிப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

அடைப்புக்கு வளைவே காரணம் என்று உறுதியாகி, சில வார மருந்துக்கும் குறையாவிட்டால் அறுவை சிகிச்சை பொருத்தமானதே. மூக்கின் உட்புறமாகவே செய்வதால் முகத்தில் தழும்பு விழாது. மூக்கு அமுங்கிவிடாதபடி முன்னும் மேலும் ஏறத்தாழ 1 செ.மீ. அகலக் குருத்தெலும்பை விட்டுவைத்து, கோணலான பகுதியை மட்டும் திருத்துவார்கள். ஒவ்வாமைத் தும்மலும் நீரொழுகலும் இதனால் நிற்காது என்பதால், அவை உங்களுக்கு இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.