பீரியட்ஸ் டைம்ல ஸ்கூபா டைவிங் போலாமா? சுறா வருமா, மென்ஸ்ட்ருவல் கப் வெச்சிக்கிட்டு எறங்கலாமா?

தாராளமா போலாம் தங்கச்சி, கேன்சல் பண்ணாதீங்க. புதுச்சேரில புக் பண்ணிருக்கேன், சரியா ரெண்டாவது நாள்ல வந்து மாட்டுது, பணமும் திருப்பித் தர மாட்டாங்களாம்னு எழுதிருக்கீங்க. டைவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குன்னும் போட்ருக்கீங்க பாருங்க, அதுதான் உங்களுக்கு அடிச்ச லக்கு, எனக்கு அது இல்லாம நான் பட்ட பாட்டை சொல்றேன்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல கடல் ஏது, எங்களுக்குத் தண்ணின்னா கேஆர்பி டேம், அத விட்டா மாந்தோப்புக் கெணறு. இடுப்புல கயித்தக் கட்டி எங்கப்பா மேல நின்னு புடிச்சிக்க, அப்படித்தான் நீச்சல் கத்துக்கிட்டேன். வயசுக்கு வந்தப்பறம் மாசத்துல அஞ்சு நாள் கெணத்துப் பக்கமே போகக்கூடாதுன்னு ஆயா உத்தரவு. மே மாச லீவுல தம்பிங்க எல்லாம் தொபீர் தொபீர்னு குதிக்கறத மாமரத்தடில உக்காந்து பாத்துட்டிருப்பேன். அந்தக் கடுப்பு உள்ளயே இருந்திருக்கும் போல, வேலைக்குப் போனதும் ஆபீஸ்ல நாலு பேர் ஸ்கூபா போறோம்னு சொன்ன உடனே மொத ஆளா பேர் குடுத்தேன்.

ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சின்னு நைட்டு ஃபுல்லா வண்டில போறோம், திண்டிவனத்துல டீ குடிக்க எறங்கறப்ப வந்துடுச்சு. கைல இருந்தது பேடு மட்டும்தான். கடலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நீச்சல் குளத்துல ட்ரெய்னிங் குடுப்பாங்க, யார்கிட்டயும் வாயத் தொறக்காம பேடோடயே வெட்சூட்ட, அதான் ஒடம்போட ஒட்டி இருக்கற அந்த ரப்பர் டிரஸ்ஸ, மாட்டிட்டு எறங்கிட்டேன். பேடோட வேலையே தண்ணிய உறிஞ்சறதுதான, அது குளத்தையே குடிச்சிட்டு மழைல நனைஞ்ச மெத்த மாதிரி உப்பிப் போச்சு, வெளிய வந்து நடக்க முடியல. கூட வந்த ஒரு அக்கா உள்ள வெச்சிக்கற பஞ்சு உருளை, டாம்பான், குடுத்தாங்க, பாத்ரூம்ல முக்கா மணி நேரம் போராடியும் பயத்துல உடம்பு எறுகிப் போச்சு, முடியல. மறுநாள் எல்லாரும் கடல்ல எறங்க நான் போட்ல உக்காந்து துணி மூட்டைக்குக் காவல். மாமரத்தடிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க.

அதனாலதான் ரெண்டு மாசம்னு சொல்றேன். இப்பவே ஒரு மென்ஸ்ட்ருவல் கப், அதாவது உள்ள வெச்சு ரத்தத்த புடிக்கற சின்ன சிலிகான் கிண்ணம், வாங்கிடுங்க, வரப்போற ரெண்டு பீரியட்ஸ்லயும் வீட்லயே, அவசரமில்லாத லீவு நாள்ல போட்டுப் பழகுங்க. மொத தடவ எடுக்கறப்ப கண்ணுல தண்ணி வரும், கப்போட அடில இருக்கற வால மட்டும் புடிச்சு இழுத்தா வராது, அடிப்பக்கத்த லேசா அமுக்கி உள்ள இருக்கற காத்துப் பிடிப்ப விடணும், அப்பறம் தன்னால வரும். எனக்கு மூணாவது மாசம்தான் கை பழகுச்சு. டாம்பான் ஈசின்னா அதுவே போதும், ஆனா 8 மணி நேரத்துக்கு மேல உள்ள விடக்கூடாது, அபூர்வமா வந்தாலும் உயிருக்கே ஆபத்தான ஒரு இன்ஃபெக்ஷன் இருக்கு. கயித்த நல்லா உள்ள மடிச்சு விட்ருங்க, மேலேறுன கையோட மாத்திடுங்க, கயிறு வழியா கடல் தண்ணி ஊறியிருக்கும்.

ஆழத்துல பிரஷர்ல கப் உள்ளயே நசுங்கிடாதான்னு ஒரு பயம், எனக்கும் இருந்துச்சு. 10 மீட்டர் போனா மேல இருக்கறத விட ரெண்டு மடங்கு பிரஷர், அது உண்மைதான். ஆனா காது வலிக்கறது ஏன்னா அங்க எலும்புக்குள்ள காத்து அடைபட்டுக் கெடக்குது. கப் இருக்கற எடம் அப்படி கெட்டியான பொந்து இல்ல, சுத்தி மெத்துன்னு சத, பிரஷருக்குத் தகுந்த மாதிரி அதுவும் சேந்து ஒட்டிக்கும். கப்பும் வளையற சிலிகான்தான. அப்பறம் ரெண்டாவது தடவ போனப்ப கப்போட நான் 12 மீட்டர் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன், கப்புன்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வரல.

சுறா விஷயம். மொத்த நாளும் சேத்தே சாதாரணமா போற ரத்தம் 30, 40 மில்லி, டீ கிளாஸ்ல பாதி கூட வராது. அதுல நீங்க தண்ணிக்குள்ள இருக்கற முக்கா மணி நேரத்துக்கு எத்தன சொட்டுன்னு நீங்களே கணக்குப் போடுங்க, அதுவும் கப்புக்குள்ள. பீரியட்ஸ்ல இருக்கற பொண்ணுங்கள சுறா தேடி வந்து கடிக்குதுன்னு எந்த ஆதாரமும் கெடையாது. இன்னொரு வேடிக்க, தண்ணிக்குள்ள மொதல்ல காணாமப் போற கலரே செவப்புதான், 10 மீட்டருக்குக் கீழ ரத்தம் பச்ச கலந்த கருப்பா தெரியும், அப்படியே கொஞ்சம் கசிஞ்சாலும் பக்கத்துல இருக்கறவங்களுக்கு என்னன்னே புரியாது.

உண்மையான தொல்ல போட்ல. பாத்ரூம் இருக்காது. அதனால கெளம்பறதுக்கு முன்னாடி ரூம்லயே கப்ப காலி பண்ணிட்டு ஏறுங்க, நெறய கம்பெனி கப்ப 8லருந்து 12 மணி நேரம் வெச்சிக்கலாம்னு சொல்றாங்க, காலைல போய் மதியம் திரும்பற ட்ரிப்புக்கு அது தாராளம். கப்ப கடல் தண்ணில கழுவாதீங்க, ஒரு பாட்டில் நல்ல தண்ணி, கருப்பு கவர், மாத்து உள்ளாடை பைல இருக்கட்டும். டாம்பான கடல்ல வீசாதீங்க. வெட்சூட்டுக்குள்ள கருப்பு ஷார்ட்ஸ் ஒண்ணு போட்டுக்கிட்டா மனசுக்கு தெம்பு.

ரெண்டாவது தடவ நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொன்னது. அண்ணா எனக்கு பீரியட்ஸ், அடிவயிறு வலிக்குதுன்னேன். அவர் மூஞ்சில ஒரு மாத்தமும் இல்ல, சரிம்மா அப்ப வெயிட் பெல்ட் வேணாம் டைவிங் ஜாக்கெட் பாக்கெட்ல போட்டுக்கலாம்னு ஈய வெயிட்ட எல்லாம் மாத்திக் குடுத்தார். தண்ணிக்குள்ள முங்கறதுக்காக இடுப்புல கட்டற அந்த பெல்ட் சரியா வலிக்கற எடத்துலதான் அழுத்தும். சொல்லாம இருந்திருந்தா கடைசி வரைக்கும் பல்லக் கடிச்சிட்டே இருந்திருப்பேன்.

மாத்திரைல கொஞ்சம் கவனம். வலிக்குப் போடற சில மாத்திரைலயும், போட்ல வாந்தி வராம இருக்கப் போடற மாத்திரைலயும் தூக்கம் தூக்கமா வரும், ரெண்டையும் ஒண்ணா முழுங்கிட்டுத் தண்ணிக்குள்ள போறது ஆபத்து, புதுசா எதையும் அன்னிக்குப் போடாதீங்க. கோயில் திருவிழாவுக்குத் தள்ளிப் போடற மாத்திரைய மெடிக்கல்ல கேட்டு வாங்கிடலாம்னு நெனைக்காதீங்க, ரத்தக் கட்டு பிரச்சன இருக்கறவங்களுக்கு அது ஆகாது, டாக்டர கேட்டுட்டுதான். ரத்தம் ஒரேடியா போகுது, தல சுத்துதுன்னா அன்னிக்கு எறங்க வேணாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்த சோகைன்னு வந்துச்சு, ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துட்டுப் போனா நல்லது. கல்யாணம் ஆனவங்களா இருந்து, வர வேண்டிய தேதில வரலன்னா அப்பாடான்னு இருந்துடாதீங்க, டெஸ்ட் பண்ணிடுங்க, கர்ப்பமா இருந்தா டைவிங் கூடவே கூடாது.

ஓசூர்ல தங்கி வேல பாக்கறதா போட்ருக்கீங்கல்ல, இத யாரும் சொல்ல மாட்டாங்க. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் ஒசரம். டைவ் முடிச்ச உடனே ஒசரத்துக்கு ஏறுனா உடம்புல கரைஞ்சிருக்கற நைட்ரஜன் குமிழி குமிழியா வெளிய வந்து மூட்டு வலில இருந்து பெருசா எது வேணா இழுத்து விடும், பீரியட்ஸ் இருந்தாலும் இல்லன்னாலும் இது எல்லாருக்கும்தான். ஒரு டைவ்னா 12 மணி நேரம், ரெண்டு மூணு டைவ்னா 18 மணி நேரம் கழிச்சு ஏறுங்க. அன்னிக்கு நைட்டு புதுச்சேரிலயே தங்கி நல்லா தண்ணி குடிச்சிட்டுத் தூங்குங்க, மறுநாள் மத்தியானமா பஸ் ஏறிக்கலாம்.