பள்ளத்தூர் ஊருணி பத்தின பழைய அரசு ரெக்கார்ட்: எங்க தேடணும்?

சகோ, நம்ம பள்ளத்தூர் ஊருணி பத்தி எழுத சென்னை கன்னிமாரா நூலகத்துல போயி சிவகங்கை மாவட்டம்னு கேட்டா 1985க்கு முன்னாடி ஒண்ணுமே சிக்கலன்னு போட்டிருந்தீங்க, எப்படி சிக்கும், அந்த மாவட்டமே 1985லதான வந்துச்சு, அதுவும் முதல்ல பசும்பொன் பேர்ல. 1910லேர்ந்து 85 வரைக்கும் நாமெல்லாம் ராமநாதபுரம், அதுக்கும் முன்னாடி மதுரை. அதனால பழைய மேனுவல், கெசட்டியர் (வெள்ளைக்காரன் காலத்துல மாவட்டத்தப் பத்தி எழுதுன அரசு புத்தகங்க) எல்லாம் மதுரைன்னு தேடுங்க. 1951 சென்சஸ் கையேடு கேக்குறப்ப ராமநாதபுரம், திருப்பத்தூர் தாலுகான்னு சொல்லுங்க (வேலூர் பக்கத்து திருப்பத்தூர எடுத்து நீட்டிருவாங்க, உஷார்).

இன்னொண்ணு, 1948 எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்புச் சட்டம் வர்ற வரைக்கும் நம்ம ஊரு ஜமீன் கிராமம், ஊருணி வெட்டுன கணக்கெல்லாம் சர்க்கார் புத்தகத்துல பெருசா வராது. அதுக்கு சென்னை எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக்காப்பகம்தான் போகணும், இல்லாட்டி ஊர்ல நகரத்தார் வீட்டுப் பழைய கணக்கு நோட்டு. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தையும் விட்டுறாதீங்க, நம்ம கோட்டையூர்க்காரர் சேத்ததுதான அது, கல்யாணப் பத்திரிகை நோட்டீஸ்கூட இருக்கும்.

ராயவரம் பக்கத்துச் சொந்தக்காரங்க ஊரையும் எழுதப்போறீங்கன்னா அது புதுக்கோட்டை சமஸ்தானம், தனிக் கதை, தனி மேனுவல்.