தேக்கு அலமாரிக்குத் தரமான பித்தளைக் கீல் எங்கே கிடைக்கும்? ஒரிஜினலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் தச்சு வேலை செய்பவன். அப்பாவும் இதே வேலைதான். கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக மனம் வரவில்லை. நீங்கள் மரம் வாங்கி அறுத்துக் காயவைத்து, ஆசாரியிடமும் பேசி முடித்திருப்பீர்கள். கீல் மட்டும்தான் பாக்கி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

"காந்தம் ஒட்டாவிட்டால் பித்தளை" என்று எல்லாரும் சொல்வார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். தகட்டில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, சரி. ஆனால் துத்தநாகக் கலவையை வார்த்து மேலே பித்தளை நிறம் ஏற்றியும் விற்கிறார்கள். அதில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. இன்னொரு பக்கம், அசல் பித்தளைக் கீலிலும் நடுக்கம்பி இரும்பாக இருக்கலாம். அந்தக் கம்பி நுழையும் குழலில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு நல்ல கீலை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

இதில் நான் பட்டது ஒன்று இருக்கிறது. திருவான்மியூரில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற அதிகாரி, புத்தக அலமாரி கேட்டார். நல்ல பர்மா தேக்கு, கண்ணாடிக் கதவு. கீலை நான் வாங்கி வருகிறேன் என்றதற்கு, "வேண்டாம்ப்பா, நீங்க கடைக்காரன்கிட்ட கமிஷன் வாங்குவீங்க, நானே ஆன்லைன்ல போட்டுக்கறேன்" என்றார். வந்த கீலைக் கையில் எடுத்ததுமே எடை சரியில்லை என்று தெரிந்தது. பித்தளை நல்ல கனம். அதே அளவு துத்தநாகக் கலவை ஐந்தில் ஒரு பங்கு குறைவாக நிற்கும். "சார், இது பித்தளை இல்லை" என்றேன். அவர் காந்தத்தை எடுத்து வந்து ஒட்டவில்லை பார் என்று காட்டினார். அவர் பொருள், அவர் வீடு. மாட்டிக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கதவு இறங்கிவிட்டது. "கீல் பள்ளம் ஒழுங்கா வெட்டலை, வேலை சுத்தமில்லை" என்று போனில் சத்தம். போய்ப் பார்த்தால் மேல் கீலின் குழல் விண்டு நிற்கிறது. உடைந்த இடம் வெள்ளைச் சாம்பல் நிறம். அவர் கண்ணெதிரே பின்பக்கத்தை அரத்தால் தேய்த்துக் காட்டினேன். உள்ளே மஞ்சளின் சாயல்கூட இல்லை. மனுஷர் ஒன்றும் பேசவில்லை. புதுக் கீலுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார். நான் வெட்டிய பள்ளத்தில் மயிரிழை பிசகு கிடையாது. அதே அளவுப் புதுக் கீல் அதே பள்ளத்தில் அப்படியே உட்கார்ந்தது. அதை இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

கமிஷன் வாங்கும் ஆசாரிகள் இல்லையா என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறார்கள். அதற்காக உளி பிடித்த எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பதா? இதைக் கேட்பவர்கள்தான் கடைசித் தவணையை "பால் காய்ச்சினப்புறம் வாங்கிக்கோ" என்று இழுப்பார்கள். பால் காய்ச்சியபின் போனை எடுக்க மாட்டார்கள். மரக்கடைக்கு, பாலிஷ்காரருக்கு, கூட வந்த பையனுக்கு நான் அன்றன்றைக்குக் கொடுத்தாக வேண்டும். என் கூலி மட்டும் அவர்களுக்கு மிச்சமாகத் தெரிகிறது. ஒரு வீட்டுப் பணம் இன்னும் வரவேண்டியிருக்கிறது. எழுதும்போதே வயிறு எரிகிறது.

கீலுக்கு வருகிறேன். பித்தளையைச் சூடாக்கி அச்சுத் துளை வழியாகத் தள்ளி, தகடும் குழலும் ஒரே கட்டியாக எடுத்து வெட்டுவது ஒரு வகை. மெல்லிய தகட்டைக் கம்பியின் மேல் சுருட்டுவது இன்னொரு வகை. கீலை நிமிர்த்திக் குழலின் முனையைப் பாருங்கள். தகடு சுருண்டு வந்து சேரும் இடத்தில் கோடு தெரிந்தால் அது சுருட்டியது. பெரிய கதவுக்கு எடுக்காதீர்கள். கோடில்லாமல் கட்டியாக இருந்து, நடுவில் துளை மட்டும் போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். இரண்டு தகட்டையும் பிடித்து ஆட்டினால் குழல்கள் கடகடவென்று ஆடக்கூடாது. இரும்பல்லாத உலோகக் கீல்களுக்கென்றே ஐ.எஸ். 205 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. கடையில் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

சென்னையில் என்றால் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் அலையலாம். அலிகார், ஜாம்நகர் சரக்கு வரும். பழசு பிடிக்குமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவு, தூண், பூட்டு, கீல் எல்லாம் அங்கே விற்பனைக்கு வரும். பழைய கீலில் தகடு நன்றாக இருக்கும், நடுக்கம்பிதான் தேய்ந்திருக்கும். லேத் பட்டறையில் கொடுத்தால் புதுக் கம்பி போட்டுத் தருவார்கள். ஆன்லைனில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் ஒரு ஜோடி வரவழைத்து, மரத்துக்குள் மறையும் ஓரத்தில் அரம் போட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே போதுமே என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை, உறுதியான பொருள்தான். ஆனால் தேக்கில் பித்தளை பழகப் பழக வரும் நிறம் அதில் வராது.

ஸ்க்ரூவும் பித்தளையிலேயே வாங்குங்கள், ஆனால் நேராக முடுக்காதீர்கள். பித்தளை ஸ்க்ரூ மென்மையானது, தேக்குக்குள் பாதி போனதும் தலை முறிந்துவிடும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கிப் புரி விழவிடுங்கள். பிறகு பித்தளை ஸ்க்ரூவில் மெழுகு தடவிக் கையாலேயே முடுக்குங்கள். டிரில் மெஷின் வேண்டாம். கதவு நாலடிக்கு மேல் என்றால் மூன்று கீல் போடச் சொல்லுங்கள்.